எகோனின் ஃபோன் நடக்கப் போன கதை

தினமும் ஒரு மணி நேரமாவது தான் எங்கே இருக்கிறோம் என்பது தன் மனைவிக்குத் தெரியக் கூடாது என்று எகோன் சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். தாழ்ப்பாளையும் தாண்டி ரோஸ்விதாவின் குரல் வந்தது.

"எகோன், பல் தேய்ச்சா மட்டும் கடுகு வாசனை போயிடுமா?"

"என்ன கடுகு? நான் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் நடந்துட்டு வரேன்."

"ஃபோன் அப்படிச் சொல்லலையே. டீட்மார் வீட்டு கார் ஷெட்ல அசையாம உக்காந்திருந்தேன்னு சொல்லுது. ஷெட்டுக்குள்ள திராட்சை போட்டிருக்கானா அவன்?"

எகோன் இன்னொரு முறை பல் தேய்த்தார்.

எல்லாம் வசந்த காலத்தில் ஆரம்பித்தது. நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஒரு சின்னக் கம்பி வலையை வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும், கொழுப்பு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ரோஸ்விதா கட்டிலோரம் கிடந்த எகோனின் ஃபோனை எடுத்து, அது எங்கே போனாலும் தன் ஃபோனில் தெரியும்படி செய்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுடைய வரைபடத்தில் எகோன் ஒரு நீலப் புள்ளி. அப்போது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததால்தான் எகோன் மறுபேச்சுப் பேசவில்லை. உடம்பு தேறியதும் பேசியிருக்கலாம். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

எகோன் சாதாரண ஆள் இல்லை. எஸ்லிங்கன் ஊரில் பல்சக்கரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வாழ்நாள் முழுக்கத் தரப் பரிசோதகராக இருந்தவர். மயிரிழை பிசகினாலும் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புவார். ஓய்வு பெற்ற பிறகு தெருவைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். புதிதாகக் குடிவந்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி பாட்டில்களை, பழைய கண்ணாடி சேகரிக்கத் தெருவோரம் வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியில் போட வந்தபோது, எகோன் கைகளை விரித்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். ஊருக்கே ஓய்வு நாளான ஞாயிறில் சலங் சலங்கென்று சத்தம் எழுப்புவது எப்படிப்பட்ட குற்றம் என்று நின்ற நிலையில் பாடம் எடுத்தார். அந்த மனிதர் இன்றைக்கும் எகோனைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு பலவீனம் இருந்தது. அதன் பெயர் லேபர்கேஸ். இறைச்சியை வெண்ணெய் மாதிரி அரைத்து, அச்சில் ஊற்றி, மேல்தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை சுட்டு, விரல் கனத்துக்கு ஒரு துண்டு வெட்டி, பன்னுக்குள் வைத்து, கடுகுச் சாந்து தடவினால் எகோனின் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டில் இப்போது சாசேஜ் இல்லாத பயறுக் குழம்புதான். டீட்மாரின் ஷெட்டிலோ ஓர் அடுப்பு இருந்தது. சீட்டுக்கட்டு இருந்தது. மனைவியை இழந்து தனியாக இருக்கும் டீட்மாரும் இருந்தான். இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள்.

முதலில் ஃபோனை ரொட்டி டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தார். ரோஸ்விதா கூப்பிட்டாள். ரொட்டி மணி அடித்தது. அடுத்த நாள் அணைத்து வைத்தார். அன்றைக்கு அவளே ஷெட் வாசலில் வந்து நின்றாள், கையில் மாத்திரை டப்பாவோடு.

"இனிமே ஃபோன் என்கூட இருக்கும். ஆனா நான் சொல்ற இடத்துல இருக்கறதா அவகிட்டச் சொல்லும்," என்றார் எகோன் டீட்மாரிடம்.

"அது எப்படிடா?"

"ரூட் பண்ணப் போறேன். ஃபோனோட அடிமடியில கையை வச்சு முழு அதிகாரத்தையும் எடுத்துக்கறது. கம்பெனிக்காரன் போட்ட மென்பொருளைத் தூக்கி எறிஞ்சிட்டு, நம்ம இஷ்டத்துக்கு ஒண்ணைப் போட்டுக்கலாம். அப்புறம் நாம என்ன சொல்றோமோ அதான் ஊரு, அதான் தெரு."

"செத்துப்போயிடும்பாங்களேடா. என் அக்கா பையன் பண்ணினான். இப்ப அந்த ஃபோன் கதவு சாத்தாம இருக்கறதுக்கு முட்டுக்கொடுக்குது."

"உன் அக்கா பையன் அவசரக்குடுக்கை. முறைப்படி செஞ்சா சாகாது. நான் முறைப்படி செய்வேன்."

செய்தார். இந்த ஊரில் பட்டறையில் இரும்பை நோண்டுகிற மாதிரி ஃபோனை நோண்டும் ஆட்கள் நிறைய. அவர்கள் எழுதியதை எல்லாம் உட்கார்ந்து படித்தார். முதலில் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய ஃபோனில் செய்து பார்த்தார். அது செத்தது. ஏன் செத்தது என்று கண்டுபிடித்தார். அது பிழைத்தது. அதற்குப் பிறகுதான் நல்ல ஃபோனைத் தொட்டார்.

பூட்லோடர் என்கிற பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அதனால் படங்கள், எண்கள், செய்திகள் எல்லாவற்றையும் கணினியில் ஒரு நகல் எடுத்தார். இன்னொரு நகலை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிலவறையில் ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னால் வைத்தார். பேட்டரியை முழுக்க ஏற்றினார். கேபிளை ஆட்டிப் பார்த்தார், தொளதொளவென்று இருந்தது, புதிது வாங்கினார். இறக்கிய கோப்பு தன் ஃபோனின் மாடலுக்கானதுதானா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். ஃபோனின் அமைப்புகளுக்குள் போய் ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டினார். 'நீங்கள் இப்போது மென்பொருள் உருவாக்குநர்' என்று திரை சொன்னது. தொழிற்சாலையில் யாரும் அவருக்கு இவ்வளவு சுலபமாகப் பதவி உயர்வு கொடுத்ததில்லை.

ரோஸ்விதா தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்த சாயங்காலம் காரியம் நடந்தது. திரை கறுத்தது. பழைய மென்பொருள் போயிற்று. புதியது ஏறியது. பிறகு ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுற்றும்போது தொடாதே என்று படித்திருந்தார். தொடாமல் இருக்கக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்தார். வட்டம் நின்றது. வணக்கம் சொன்னது. எகோன் பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ரோஸ்விதா வந்துவிட்டாள்.

"யார்கிட்டப் பேசறே? என்ன அது, ஃபோன்ல படமெல்லாம் மாறியிருக்கு?"

"பாதுகாப்புக்காக மாத்தினேன். கம்பெனிக்காரங்க நம்மை வேவு பாக்கறாங்க ரோஸ்விதா. மனுஷனுக்குன்னு ஒரு அந்தரங்கம் வேணாமா?"

"உன்னை வேவு பாத்து என்ன பண்ணப் போறாங்க? உன் முட்டி வலியைக் கூறு போட்டு விக்கப் போறாங்களா?"

"கொள்கைன்னு ஒண்ணு இருக்கு."

"சரி. அப்ப நான் பாக்கற புள்ளியும் போச்சா?"

எகோன் இதற்காகவே காத்திருந்தார். "அது எப்படிப் போகும்? நீயே திரும்ப இணைச்சுக்கோ. உன்கிட்ட எனக்கு என்ன ஒளிவு மறைவு?"

ரோஸ்விதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை மாதமாக அந்தப் புள்ளியைச் சங்கிலி என்று சொல்லிப் புலம்பிய மனிதர், இப்போது தானாகக் காலை நீட்டுகிறார். ஃபோனை வாங்கி இணைத்துக்கொண்டாள்.

மறுநாள் எகோன் ஃபோனுக்குள் ஒரு பொய்ப் பாதையை வரைந்தார். வீட்டிலிருந்து நெக்கர் ஆற்றங்கரை, அங்கிருந்து திராட்சைத் தோட்டத்து ஏற்றம், உச்சி, இறக்கம், வீடு. மதியம் மூன்று மணிக்குப் புள்ளி தானாகக் கிளம்பும். ஏற்றத்தில் மெதுவாகப் போகும், இறக்கத்தில் கொஞ்சம் வேகம். ஆனால் எந்த மனிதன் நிற்காமல் நடப்பான்? எங்கேயாவது நின்றால்தான் நம்பும்படி இருக்கும். தான் வழக்கமாக நிற்கும் இடம் எது என்று யோசித்தார். தோட்டத்து ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தொட்டிகள். வீட்டுப் பாட்டில்களைப் பச்சை, பழுப்பு, வெள்ளை என்று பிரித்துப் போட அங்கே நிற்பது வழக்கம்தான். அங்கே ஒரு நிறுத்தம் வைத்தார். தினமும் நடக்கட்டும் என்று ஒரு டிக் போட்டார். எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபார்த்தார்.

ஃபோனில் இருந்த மற்ற செயலிகள் எல்லாம் இந்தப் பொய்யை நம்பின. வங்கியின் செயலி மட்டும் இந்த ஃபோனை நம்ப முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. எகோன் கோபப்படவில்லை. அவரும் ஒரு பரிசோதகர். அந்தச் செயலியின் மேல் அவருக்கு மதிப்புத்தான் வந்தது. அதற்குப் பிறகு பணம் அனுப்ப வங்கிக்கு நேரிலேயே போனார்.

அந்த வாரம் எகோனின் பொற்காலம். ஃபோன் மலையேறியது. எகோன் சாப்பிட்டார்.

"இப்ப நான் எங்கே இருக்கேன் தெரியுமாடா?" என்று பன்னைக் கடித்துக்கொண்டே கேட்பார்.

"எங்கே?"

"உச்சிக்குப் பக்கத்துல. மூச்சு வாங்குது."

டீட்மார் சிரிப்பான். எகோன் அதைவிடப் பெரிதாகச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமையும் போனார். அன்றைக்கு இரண்டு துண்டு சாப்பிட்டார், சீட்டிலும் ஜெயித்தார், ஷெட் அதிரச் சிரித்தார். வீடு திரும்பியபோது வாசல் படியில் ரோஸ்விதாவின் வீட்டுச் செருப்பு சேறும் புல்லுமாகக் கிடந்தது. வீட்டுச் செருப்போடு வெளியே போவது அவள் வழக்கமில்லை. பரிசோதகரின் கண் அதைப் பார்த்தது. ஆனால் வயிறு நிறைந்திருந்ததால் மூளை அதை மேலே அனுப்பவில்லை.

"நல்லா நடந்தியா?" என்று கேட்டாள் ரோஸ்விதா. முகம் கழுவியிருந்தாள். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"பிரமாதம். கால் சும்மா பறக்குது."

"தெரியுது," என்றாள்.

அதற்கடுத்த நாள் சாப்பாட்டு மேசையில் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

"எகோன், உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. மழைன்னும் பாக்காம, வெயில்னும் பாக்காம மலையேறறே. நேத்து அக்காவுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன்."

"எதுக்கு அவங்ககிட்டயெல்லாம்..."

"அத்தானும் கேட்டுட்டுத்தான் இருந்தார். நம்பவே மாட்டேன்னுட்டார். அதனால மலைநடைச் சங்கத்துல உன் பேரைக் குடுத்துட்டேன். இலையுதிர் காலத்து நடை. டெக் மலைக்கோட்டை வரைக்கும். அத்தானும் வரார்."

எகோனின் கரண்டி நடுவழியில் நின்றது. அத்தான் என்றால் ஃப்ரீடர். எகோனின் சகலை. தொப்பி முழுக்க மலைநடைப் பதக்கம் குத்திக்கொண்டு திரிபவர். கோடையில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு கெண்டைக்காலைத் தட்டிக் காட்டுபவர்.

"ரோஸ்விதா, என் நெஞ்சு..."

"டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டேன். ஃபோன்ல இருக்கற உன் நடையைக் காட்டினேன். அசந்துபோயிட்டாங்க. தாராளமாப் போகலாம்னுட்டாங்க."

தன்னால் முடியாது என்று சொல்லலாம். சொன்னால் அந்த மலையில் தினமும் ஏறியது யார் என்ற கேள்வி வரும். எகோன் பயறுக் குழம்பை விழுங்கினார்.

சாயங்காலமே ஃப்ரீடர் ஃபோனில் வந்துவிட்டார்.

"என்ன சகலை, மலையெல்லாம் ஏறறீங்களாமே? மேல போனா திரும்பி வரத் தெரியுமில்ல? கயிறு ஏதும் எடுத்துட்டு வரணுமா, உங்களைக் கட்டி இழுக்க?"

"கயிறு எடுத்துட்டு வாங்க. உங்களை இறக்க உதவும்," என்று சொல்லி எகோன் வைத்துவிட்டார். வைத்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார். காது சூடாக இருந்தது. செத்தாலும் அந்தக் கெண்டைக்காலுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போவதில்லை என்று இரண்டாவது சபதம் எடுத்தார்.

அன்றிலிருந்து எகோன் நிஜமாகவே நடந்தார். பொழுது விடிந்ததும் ரொட்டி வாங்கப் போகிறேன் என்று கிளம்பி, திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ரொட்டியோடு வருவார். காலையில் அவர் நடந்தார். மதியம் ஃபோன் நடந்தது. முதல் வாரம் ஏற்றத்தில் பாதியில் உட்கார்ந்து, தன் புள்ளி எவ்வளவு சுலபமாக இதில் ஏறியது என்று பொறாமைப்பட்டார். புள்ளியின் வேகத்தைத் தானே வைத்தவர் என்பதால் குறைத்துக்கொள்ளவும் மானம் விடவில்லை. தான் வரைந்த பொய்யை எட்டிப் பிடிக்க ஒரு மனிதன் படும் பாட்டை அந்தத் திராட்சைக் கொடிகள்தான் பார்த்தன.

மெல்ல மெல்லப் பிடித்தார். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. உச்சியில் நின்று கீழே ஆற்றையும் கூரைகளையும் பார்த்தபோது நெஞ்சு வலிக்கவில்லை. அன்றைக்கு அங்கே அவருக்கு அழுகை வந்தது. வலித்த நாளில் ரோஸ்விதாவின் கை நடுங்கியது ஞாபகம் வந்ததால் வந்த அழுகை. அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

இடையில் டீட்மாரின் ஷெட்டுக்கும் மதியம் தவறாமல் போய்க்கொண்டிருந்தார். டீட்மார்தான் ஒரு மாதிரியாக இருந்தான். கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. தனக்குப் பெரிய துண்டாக வெட்டிக்கொள்பவன், இப்போது தனக்கு வெட்டுவதே இல்லை.

"வயிறு சரியில்லைடா. நீ சாப்பிடு."

"கடையை மாத்தினியா?"

டீட்மார் திடுக்கிட்டான். "ஏ... ஏன் கேக்கறே?"

"முன்னைவிட நல்லா இருக்கு. புகை வாசனை சரியா ஏறியிருக்கு, பதம் பிசகலை. நான் ஆயுசு பூரா பரிசோதனை பண்ணினவன்டா, என் நாக்கு தப்பாது. இந்தக் கடையை விட்டுடாதே."

"விடணும்னாலும் விட மாட்டாங்க," என்றான் டீட்மார், என்னவோ போல.

நடை நாளும் வந்தது. காட்டு மரங்களின் இலைகள் பழுத்து மஞ்சளாக நின்றன. ஃப்ரீடர் தொப்பியும் பதக்கமுமாக வந்து, எகோனின் வயிற்றைத் தேடினார். அது அங்கே இல்லை. முதல் ஏற்றம் வரை ஃப்ரீடர் பேசினார். இரண்டாவது ஏற்றத்தில் பேச்சு குறைந்தது. மூன்றாவதில் இயற்கையை ரசிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"கயிறு இருக்கா சகலை?" என்று கேட்டுவிட்டு எகோன் மேலே போனார்.

கோட்டை வாசலில் ரோஸ்விதா நின்றிருந்தாள். பக்கத்துப் பாதையில் காரில் வந்து மேலே ஏறியிருந்தாள். எகோனைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பிறகு கூடையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். எகோன் பிரித்தார். பன். பன்னுக்குள் விரல் கனத்துக்கு லேபர்கேஸ். கடுகு.

எகோன் பன்னை வாய்க்குக் கொண்டுபோய் நிறுத்தினார். "ரோஸ்விதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் புள்ளி..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஃபோன் தனியா நடக்கப் போச்சு. நீ டீட்மார் ஷெட்ல இருந்தே."

"எப்போ தெரியும்?"

"முதல் ஞாயித்துக்கிழமையே."

எகோன் பன்னைக் கீழே இறக்கினார். "எப்படி? ஒரு பிசகு கிடையாதே. எல்லாத்தையும் சரிபார்த்தேனே."

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ கண்ணாடித் தொட்டிப் பக்கத்துல நின்னுட்டிருந்தே, எகோன்."

எகோனுக்குத் தினமும் என்று தான் போட்ட டிக் ஞாபகம் வந்தது.

"ஓய்வு நாள்ல பாட்டில் போடறதுக்கு என் புருஷன் போவானா? உலகமே தலைகீழானாலும் போக மாட்டான். அப்ப ஏன் அங்க நிக்கறான்? நெஞ்சைப் பிடிச்சுட்டு விழுந்துட்டான்னுதான் நினைச்சேன். வீட்டுச் செருப்போட ஓடினேன். போய்ப் பாத்தா தொட்டி இருக்கு, நீ இல்லை. ஃபோனைப் பாக்கறேன், நீ என் காலடியில இருக்கேங்குது. பாத்துட்டு இருக்கும்போதே புள்ளி எழுந்து, என்னைத் தாண்டி, மலைமேல போகுது. அங்க ஈ காக்கா இல்லை."

வாசல் படியில் கிடந்த சேற்றுச் செருப்பு இப்போதுதான் எகோனின் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது.

"திரும்பி வர்ற வழியில டீட்மார் ஷெட்லேர்ந்து உன் சிரிப்பு கேட்டுது. நீ உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சதும் அவன் வீட்டு வேலியோரமா உக்காந்து அழுதேன். அழுது முடிச்சிட்டுத்தான் அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். டாக்டரம்மாகிட்ட நிஜத்தைச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் சங்கத்துல உன் பேரைக் குடுத்தேன்."

"அன்னைக்கே என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா இங்க வந்து நின்னிருப்பியா?"

எகோன் திரும்பிக் கீழே பார்த்தார். பாதையின் வளைவில் ஃப்ரீடரின் தொப்பி மெல்ல மெல்ல ஏறி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. "மன்னிச்சுக்கோ ரோஸ்விதா. இனிமே ஃபோன் எங்கேயும் தனியாப் போகாது."

"போகாதுன்னு தெரியும். சாப்பிடு, ஆறிடும்."

தோற்றுப்போனதில் ஒன்றாவது மிச்சமாகி இருக்கிறதே என்று எகோன் பன்னைப் பெரிதாக ஒரு கடி கடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இவள் கையாலேயே லேபர்கேஸ் கிடைத்துவிட்டது. அந்த மட்டில் ஜெயித்தது தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் அருமையா இருக்கு," என்றார் வாய் நிறைய. "டீட்மார் வீட்டு ருசி அப்படியே இருக்கு."

"இருக்காதா பின்னே?" என்றாள் ரோஸ்விதா. "ரெண்டுக்கும் கறிக்குப் பதிலா பட்டாணி அரைச்சுக் குடுக்கறது நான்தானே."